திருமங்கலத்தில் கரையேறிய ரோந்துப் படகு

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். நான் டீசல் எஞ்சினோடு வாழ்ந்தவன். எஞ்சினில் ஒரு சத்தம் கேட்டால் அதற்குக் காரணம் இருக்கும், பேரிங் தேய்ந்திருக்கும், வால்வு தட்டும், இல்லையென்றால் எவனாவது போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டிருப்பான். காரணமில்லாத சத்தம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்பதுதான் என் கட்சி. எழுமலையில் எங்கள் தோட்டத்துக்குப் போகிற வழியில் ஒரு புளியமரம், அதில் முனி இருக்கிறது என்று மீசை வைத்த ஆம்பிளைகளே உச்சி வெயிலில் சுற்றிப் போவார்கள், நான் அதன் அடியில் துண்டை விரித்துத் தூங்கி எழுந்து வந்தவன். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

மழை பொய்த்துக் கிணறு வற்றிய ஒரு வருஷம் மதுரையில் கடற்படைக்கு ஆள் எடுத்தார்கள். நான் அதுவரை கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. போனேன், நெஞ்சை அளந்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியெல்லாம் முடிந்து என்னை ஒரு ரோந்துப் படகின் எஞ்சின் அறைக்கு அனுப்பினார்கள். கப்பல் என்று நினைத்துவிடாதீர்கள். நம் டவுன் பஸ் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வருகிற நீளம், மூக்கில் ஒரு சின்னப் பீரங்கி, நடுவில் சுக்கான் பிடிக்கிற அறை, அதற்குக் கீழே எஞ்சினும் நானும். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, நம்பர்தான். அலை இல்லாத நாளிலும் ஆடிக்கொண்டே இருக்கும், அதனால் நாங்கள் தொட்டில் என்று கூப்பிடுவோம்.

சுக்கானைப் பிடித்தவன் ஜெகந்நாதன். மதுரைக்காரன், சௌராஷ்டிர வீட்டுப் பையன், அப்பாவுக்குக் கைத்தறி. ஊர்ப் பக்கத்து ஆள் கிடைத்துவிட்டான் என்று முதல் நாளே எனக்கு மாப்ள ஆகிவிட்டான். அவன் மேலே, நான் கீழே, நடுவில் ஒரு பித்தளைப் பேச்சுக்குழாய். இந்த முனையில் வாயை வைத்துப் பேசினால் அந்த முனையில் கேட்கும். இரண்டு முனையிலும் விசில் வைத்த மூடி உண்டு, ஒருவன் ஊதினால் மற்றவன் பக்கம் விசிலடிக்கும், மூடியை எடுத்துவிட்டுக் காதைக் கொடுக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது, ஆனால் குழாயில் ஜெகன் பேசுவது மட்டும் தலைக்குள்ளேயே பேசுவதுபோலக் கேட்கும்.

தொட்டிலின் சரித்திரத்தில் வீரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. போர் வந்தபோது கிழக்குக் கரையில் ஒரு துறைமுக வாசலில் விளக்கை அணைத்துக்கொண்டு காவல் நின்றோம், ஒரு குண்டுகூடச் சுடவில்லை. எதிரி என்று நினைத்து அரை நாள் பின்தொடர்ந்தது கடைசியில் மிதக்கிற பனங்கட்டையாகப் போனது. அப்புறம் ராமேஸ்வரம் பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். டேப் ரிக்கார்டரும் நைலான் சேலையும் கடத்துகிற வள்ளங்களை விரட்டுவோம், முக்கால்வாசி நேரம் அவர்கள்தான் ஜெயிப்பார்கள். பாய்மரம் முறிந்து தவிக்கிற மீனவர்களை இழுத்து வருவோம். ஒரு தடவை தீவிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்தோம், பாதி வழியிலேயே எங்கள் மேல்தட்டில் பிள்ளை பிறந்துவிட்டது. அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகத் தொட்டில் ஆடவில்லை. கரை சேர்ந்ததும் ஜெகன் குழாயில் சொன்னான், "இம்புட்டுக் கடல்ல ஒரு சொட்டுத் தண்ணி அந்தப் புள்ள மேல தெறிக்கல, பார்த்தியா மாப்ள!" அவனுக்குக் கல்யாணமாகியிருந்த புதிது. தனக்கே பிள்ளை பிறந்ததுபோல இருந்தது அவன் குரல்.

அந்த வருஷக் கடைசியில் புயல். திரும்பி வராத வள்ளங்களைத் தேடிப் போனோம். மத்தியானம்தான், ஆனால் வானம் அடுப்புக்கரிபோல இருந்தது. ஜெகன் குழாயில், "கொஞ்சம் கூட்டு மாப்ள" என்றான். வேகத்தைக் கூட்டினேன். அடுத்தது எனக்குத் தெரிந்ததெல்லாம் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, என் தலை இரும்புக் கம்பியில் மோதியது. கண் திறந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இடது காதிலிருந்து ரத்தம். ஏறிப் போய்ப் பார்த்தால் சுக்கான் அறையின் முன்பக்கம் முழுக்கப் பிய்ந்து போயிருந்தது, சுக்கான் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது, ஜெகன் இல்லை.

எங்கள் படகுத் தலைவர் அதே காற்றில் திரும்பத் திரும்ப வட்டமடிக்கச் சொன்னார். மறுநாளும் தேடினோம். மற்ற படகுகளும் வந்தன. அவன் செருப்புகூடக் கிடைக்கவில்லை.

அவன் பெட்டியை மதுரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அவன் மனைவி சகுந்தலா நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உடம்பு வந்துச்சா அண்ணே?"

"இல்லம்மா."

"அப்ப வராத உடம்புக்கு நான் எதுக்குப் பூவை எடுக்கணும்?" என்றாள்.

எடுக்கவும் இல்லை. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பல வருஷம். பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள். தெருவில் சிலர் பைத்தியம் என்றார்கள். தினமும் குளித்துப் பூ வைத்துக்கொண்டு நூல் சுற்ற உட்கார்ந்துவிடுவாள். தூரத்தில் எங்காவது ஒதுங்கியிருப்பார், ஞாபகம் தப்பியிருக்கும், வந்துவிடுவார் என்பாள். நான் எப்போதாவது போவேன். ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இருந்ததில்லை.

எனக்கு இடது காது முழுக்கச் செத்துவிட்டது. வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். திருமங்கலத்தில் லாரி எஞ்சின் பார்க்கிற பட்டறை போட்டேன், கல்யாணம் செய்துகொண்டேன், பிழைப்பு ஓடியது. தொட்டிலைச் சரிபண்ணித் தீவுகளுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக விட்டிருக்கிறார்கள் என்று பழைய கூட்டாளி ஒருவன் சொன்னான். அப்புறம் அதற்கும் ஆகாது என்று கட்டிப்போட்டுத் துருப்பிடிக்க விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதோடு மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

எண்பதுகளில் ஓர் ஆடி மாசம். உசிலம்பட்டி ரோட்டில் காதர் பாய் என்பவர் பெரிய காயலான் கடை வைத்திருந்தார், பழைய இரும்பெல்லாம் அங்கேதான் வரும். என் பட்டறைக்கு வந்து, "தவமணி, ஏலத்துல ஒரு படகு எடுத்துருக்கேன்ப்பா. வெட்டுறதுக்கு முன்னால எஞ்சினை இறக்கிக் குடு" என்றார். படகா, இந்தக் கரிசக்காட்டிலா என்று சிரித்துக்கொண்டேதான் போனேன்.

தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. கருவேலங்காட்டுக்கு நடுவில், வெடித்த கரிசல் மண்ணில், மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். நம்பரைச் சுரண்டியிருந்தார்கள், ஆனால் இடது விலாவில் புயலுக்கு அப்புறம் போட்ட ஒட்டுத்தகடு அப்படியே இருந்தது. கரண்டுக் கம்பியில் தட்டும் என்று சுக்கான் அறையை மட்டும் அங்கேயே வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஏற்றி வந்திருந்தார்கள்.

"பாய், இது என் படகு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார்.

உச்சிப் பொழுது, நல்ல வெயில். ஏணி வழியாக எஞ்சின் அறையில் இறங்கினேன். உள்ளே சூளைபோலக் காந்தியது. எஞ்சினின் அடி போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். விசில் அடித்தது.

குழாய் மூடியிலிருந்துதான். ஆடிக்காற்று, மேலே திறந்திருக்கிற முனையில் புகுந்து ஊதுகிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் அடித்தது. ஒரு நீட்டல், இரண்டு குட்டை. அது ஜெகன் என்னை மட்டும் கூப்பிடுகிற விதம். எனக்குக் கை நின்றுவிட்டது. இருந்தாலும் நான் காரணம் தேடுகிறவன் இல்லையா, மேலே ஏறிப் போனேன். சுக்கான் அறை இருந்த இடத்தில் குழாய் முழம் உயரத்துக்கு மொட்டையாக நின்றது. அதன் வாயில் குளவி மண் கூடு கட்டி, சிமெண்ட் போட்டதுபோல அடைத்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன், இறுகிக் கிடந்தது. காற்று என்ன, தண்ணீர்கூட உள்ளே போகாது. அப்படி நான் குத்திக்கொண்டிருக்கும்போதே கீழே மூன்றாவது தடவையாக விசில் அடித்தது.

இறங்கினேன். மூடியை எடுத்துவிட்டுப் பழைய பழக்கத்தில் இடது காதை வைத்தேன். செத்துப்போன காது. அந்தக் காதில்தான் கேட்டது.

"எஞ்சின் ரூம்... மாப்ள... கேக்குதா?"

பின்னால் அலை இரைச்சல். அப்புறம் குழாயில் வாயை வைத்து, "கேக்குது மாப்ள! நான் தவமணி! எங்க இருக்க?" என்று கத்தினேன்.

"யாருமே பேச மாட்டேங்குறாங்களே" என்றது குரல். என்னிடம் இல்லை, தனக்குத்தானே. "சுக்கானைப் பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்ள. எந்தப் பக்கம் திருப்புறதுன்னு தெரியல. கை மரத்துப் போச்சு. விட்டுரட்டுமா?"

நான் எவ்வளவு கத்தியும் அவனுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி முதலிலிருந்து, "எஞ்சின் ரூம்... மாப்ள..." வலது காதை, அந்த நல்ல காதை வைத்துப் பார்த்தேன். அதிலும் கேட்டது. அதனால் காது இரைச்சல் என்று நீங்கள் சொல்ல முடியாது, நானே அதைச் சொல்லிப் பார்த்துத் தோற்றவன்.

காதர் பாயிடம் போய், இரண்டு நாள் வெட்டாமல் இருங்கள் என்று கேட்டேன். அவர் ஏணியில் பாதி இறங்கி, குழாயைப் பார்த்துவிட்டு, காதை வைக்காமலே ஏறி வந்துவிட்டார். "யா அல்லா, நான் கேக்க மாட்டேன்ப்பா. ரெண்டு நாள்தான். லாரிக்குச் சொல்லிட்டேன்" என்றார்.

சகுந்தலாவிடம் சொல்லலாமா கூடாதா என்று பஸ்ஸில் மதுரைக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். சொல்லாமல் இருக்க எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? சொன்னேன். அவள் அழவில்லை, மயங்கவில்லை. "வாரேன் அண்ணே" என்றாள். மறுநாள் காலை பஸ்ஸில் நல்ல சேலை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தாள். வெளியூரிலிருந்து வருகிற புருஷனை ஸ்டேஷனில் அழைக்கப் போகிற பெண்ணைப்போல இருந்தாள்.

ஏணியில் இறங்கிக் குழாயில் காதை வைத்தாள். நான் படியிலேயே நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. அவள் காதில் அவன் குரல் அவர்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் கேட்டிருக்கிறது. எனக்கு அது புரியாது. அவளும் அதே பேச்சில் பதில் சொன்னாள், முதலில் மெதுவாக, பிறகு சிரித்துக்கொண்டு, பிறகு கெஞ்சி, பிறகு தொண்டை கிழியக் கத்தினாள். காதை வைப்பாள், வாயை வைப்பாள், மறுபடி காதை வைப்பாள். வெளியே ஆடு மேய்க்கிறவர்கள் சத்தம் கேட்டுத் தள்ளிப் போய்விட்டார்கள். வெயில் இறங்கும்வரை இதுதான்.

கடைசியில் அந்த எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பேசுறது அவருக்குக் கேக்கல அண்ணே."

"எனக்கும் அப்படித்தான்ம்மா."

"கை வலிக்குதுங்குறாரு. விட்டுரட்டுமானு கேக்குறாரு. திரும்பத் திரும்ப அதையே கேக்குறாரு. இத்தன வருஷமா இப்படியேவா நின்னுக்கிட்டு இருக்காரு?"

நான் படியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வருவாரு வருவாருனு நான் விடாம இருந்தேன். அங்க அவரும் விடாம இருந்திருக்காரு" என்றாள். "விட்டுருங்கனு சொல்லிட்டேன் அண்ணே. என் வாயாலயே சொல்லிட்டேன். அதுவும் கேக்கல."

ஏணியில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நாளைக்கு வெட்டுறதுக்கு முன்னால நீங்க ஒருதடவை சொல்லுங்க. எஞ்சின் ரூம்ல இருந்து பதில் வந்தாத்தான் அவரு எதையும் செய்வாரு, எங்கிட்டயே சொல்லியிருக்காரு. விட்டுரச் சொல்லுங்க."

மறுநாள் கேஸ் கட்டிங் ஆட்கள் வந்து சிலிண்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் குழாய் முன்னால் நின்றேன். விசில் அடித்தது. மூடியை எடுத்தேன்.

"எஞ்சின் ரூம்... மாப்ள... கேக்குதா? விட்டுரட்டுமா?"

"விட்டுரு மாப்ள" என்றேன். கத்தவில்லை, பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வதுபோலத்தான் சொன்னேன். "போதும். விட்டுரு. சகுந்தலாவும் சொல்லிருச்சு."

அலைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "ஆங்... ஆங்..." என்றான். பிள்ளை பிறந்த அன்றைக்கு இருந்த அதே சந்தோஷம் அந்தக் குரலில். "கேக்குது மாப்ள! இப்ப நல்லாக் கேக்குது! உன் சத்தத்தைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு!"

"விட்டுரு மாப்ள" என்றேன் அழுதுகொண்டே.

"சரி மாப்ள. நீ சொன்னாச் சரி" என்றான். "விட மாட்டேன். எம்புட்டு நாளானாலும் பிடிச்சிக்கிட்டே நிக்கிறேன். நீ கீழயே இரு."

அவ்வளவுதான். இல்லை இல்லை, நான் விடத்தான் சொன்னேன், விடு, விடு என்று நான் குழாயில் அலறியதைக் கேட்டுக் கட்டிங் ஆட்கள் ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் குழாயில் ஒரு சத்தமும் இல்லை. சாயங்காலத்துக்குள் தொட்டிலைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், அவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறான் என்று தெரியாமல்.

அங்கிருந்து நேராக மதுரைக்குப் போனேன். சகுந்தலா வாசலிலேயே நின்றாள்.

"கேட்டுச்சா அண்ணே?"

"கேட்டுச்சும்மா" என்றேன்.

வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. உள்ளே போனாள். திரும்பி வரும்போது தலையில் பூ இல்லை, நெற்றியில் பொட்டும் இல்லை. நான் அவள் வீட்டுக்கு அப்புறம் போகவே இல்லை. போனால் இன்னொரு கேள்வி கேட்டுவிடுவாளோ என்று பயம்.

என் வீட்டுக்காரியிடம் நான் அதுவரைக்கும் ஜெகனைப் பற்றிப் பேசியதே கிடையாது. கடலில் இருந்தேன், காது போனது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். நான் விடு என்றேன், அவன் விட மாட்டேன் என்கிறான், நான் சொன்னது அவனுக்கு எப்படி மாறிக் கேட்டது என்று தெரியவில்லை என்றேன். பைத்தியம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையில் வைத்திருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"மாப்ள மாப்ளனு நீங்க கூப்புடுறது அவரைத்தானா?" என்றாள்.

"நான் எப்பக் கூப்பிட்டேன்?"

"தூக்கத்துலதேன். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து கேக்குறேன். கேட்டா வெசனப்படுவீகனு சொன்னதில்ல. 'விடாத மாப்ள, பிடிச்சிக்கிட்டே இரு, நான் கீழதேன் இருக்கேன்'னு நல்லாத் தெளிவாச் சொல்லுவீக."

கடலையே விட்டு வந்தவன், கெட்ட கனவு, அதில் உளறியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள், சொல்லுங்கள். ஆனால் அவள் இப்போதும் ஒன்று சொல்கிறாள். படகை வெட்டி இத்தனை வருஷமாகியும் நான் அதைச் சொல்வது நிற்கவில்லையாம். சொல்லிவிட்டு, செத்துப்போன அந்தக் காதைத் தலையணையிலிருந்து தூக்கி, யாரோ பேசுவதைக் கேட்கிறவன்போல அசையாமல் இருப்பேனாம். கொஞ்ச நேரம் கழித்து, "ம்... சரி" என்பேனாம்.

நேற்றும் சொன்னேனாம்.